உண்டியல் படம்

ஜூன் 3

அக்கா,

போனை எடுப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டாய் போலிருக்கிறது. எத்தனை தடவைதான் அடிப்பது? அடித்து அடித்து அதற்கே தொண்டை கட்டியிருக்கும். அதனால்தான் கடிதம். பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதோடு சரி, அதுவும் நீ சொல்லச் சொல்ல எழுதியது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் முகவரியை மருந்துக்கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கினேன். மன்றத் தலைவர் என்று அவருக்குச் சொல்லத் தெரிந்த உனக்குக் கூடப்பிறந்த தம்பிக்குச் சொல்லத் தெரியவில்லை. படம் போட்ட அன்றைக்கு ஹாலில் நான் கேபிளைச் சுருட்டி வைத்துவிட்டு வருவதற்குள் உன்னையும் அத்தானையும் காணோம். மறுநாள் வீட்டுக்கு வந்தால் பூட்டுத் தொங்குகிறது. பக்கத்து வீட்டம்மா, "பேச்சு வைத்தியத்துக்குக் கிளம்பிட்டாங்களே, உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் திரும்பி வந்தேன்.

அப்படி நான் என்ன குற்றம் செய்துவிட்டேன்? நீயே சொல். நம்ம திரைப்பட மன்றம் என்ன பணக்காரர்கள் நடத்துவதா? பள்ளிக்கூட ஹால், இரவல் நாற்காலிகள், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, இரண்டு பரீட்சை பெஞ்சை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி அதன் தலையில் புரொஜெக்டர். மாதம் ஒரு சனிக்கிழமை படம். படத்துக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நான் எடுக்கிற உண்டியல் படம், இந்த மாதம் யாருக்கு உதவப்போகிறோம், அவர்களுக்கு என்ன கஷ்டம் என்று காட்டுவது. அது முடிந்ததும் வரிசை வரிசையாக டப்பா போகும். நூலகத்துக்குக் கூரை வந்தது அப்படித்தான். கை வெந்துபோன சாவிக்காரருக்கு வைத்தியம் நடந்ததும் அப்படித்தான். ஊருக்கெல்லாம் செய்கிறவன் அத்தானுக்குச் செய்யக் கூடாதா? முதல் படத்திலிருந்து மைக் பிடித்து அறிவிப்புச் சொன்னவர் அவர். சந்தையில் ஏலம் கூவுகிற அந்தக் குரல் கேட்காமல் நம்ம ஹாலில் விளக்கு அணைந்ததே இல்லை. பக்கவாதம் வந்து அந்தக் குரல் அடங்கியபோது சொந்தக்காரன் என்பதற்காக மட்டும் நான் அழவில்லை.

புரொஜெக்டர் பக்கத்து நாற்காலியை அவருக்காகத் துடைத்து வைத்திருந்தேன். அவரைப் பற்றிய படம் முடிந்ததும் ஹால் முழுக்க எழுந்து நின்று கைதட்டியதே, பார்த்தாய் அல்லவா? எந்தக் கதாநாயகனுக்கும் அந்த ஹாலில் அப்படிக் கைதட்டு விழுந்ததில்லை. கௌரவப்படுத்துகிறோம் என்றுதான் நினைத்தேன். சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போவீர்கள் என்று நினைக்கவில்லை.

அத்தானுக்குப் பயிற்சி தொடங்கிவிட்டதா? வார்த்தை ஏதாவது கூடுகிறதா? ஒரு வரி எழுது.

தம்பி

*

ஜூன் 11

தம்பிக்கு,

போன் எடுக்காததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. பயிற்சி மையத்துக்குப் பின்னால் ஒரே ஒரு அறையில் இருக்கிறோம். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு மின்சார அடுப்பு. நான் போனில் என்ன பேசினாலும் அவர் காதில் விழும். அவருக்கு அடைபட்டது வாய், காது இல்லை. ஜனங்களுக்கு அது மறந்துபோகிறது. அவர் முன்னால் நின்றுகொண்டு என்னிடம், "சாப்பிடறாரா? எல்லாம் புரியுதா அவருக்கு?" என்று கேட்கிறார்கள். இதைத் துணி துவைக்கிற இடத்தில் கல்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். தாளில் ஈரம் பட்டிருந்தால் அழுகை என்று நினைத்துக்கொள்ளாதே, சோப்புத் தண்ணீர்.

கைதட்டினார்களாம், கதாநாயகனாம். நீ பெஞ்சு மேல் புரொஜெக்டருக்குப் பின்னால் இருந்தாய். திரையைத்தான் பார்த்தாய். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

தன் முகம் திரையில் வந்ததும் அவர் முதலில் சிரித்தார், தெரியுமா உனக்கு? சட்டைக் காலரை இழுத்து நேராக்கிக்கொண்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம் படம் ஓட ஓட என் மணிக்கட்டைப் பிடித்தார். நல்ல கையால்தான். வளையல் அழுந்தி வீங்கிவிட்டது. வாய்க்கோணலும் எச்சில் வழிகிறதும் ஒரு சுவர் அகலத்துக்கு. "மு... முடியல" என்று குழந்தை மாதிரி விம்முகிறாரே, அதையும் விடாமல் வைத்திருக்கிறாய். சந்தையில் அவர் ஒரு பார்வை பார்த்தால் வாயை மூடிக்கொள்கிற வெங்காய வியாபாரி, வெளியே வரும்போது அவர் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனார். தலையை! நாய்க்குட்டியைத் தடவுகிற மாதிரி. அதற்கு மேல் அங்கே நிற்கச் சொல்கிறாயா?

பயிற்சி தொடங்கிவிட்டது. தொடங்கி என்ன? அவர் வாயே திறப்பதில்லை. ஊரில் இருந்தபோது திக்கித் திணறியாவது என்னைத் திட்டுவார், தண்ணீர் கேட்பார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒரு சத்தம்கூட இல்லை. பயிற்சி கொடுக்கிற பெண் படத்தைக் காட்டுகிறாள், கண்ணாடியைக் காட்டுகிறாள், பாட்டுக்கூடப் பாடுகிறாள். இவர் ஜன்னலைப் பார்க்கிறார். அவள் நேற்று என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னாள்: "அக்கா, இந்த சில மாசம்தான் முக்கியம். இப்ப விட்டுட்டா அப்புறம் எவ்வளவு முயற்சி பண்ணாலும் இவ்வளவுதான்னு நின்னுடும். உங்க வீட்டுக்காரருக்கு முடியாம இல்ல. பிடிவாதம்."

ஊரே கைதட்டிக் கொடுத்த வைத்தியம் இப்படித்தான் நடக்கிறது. நீ இங்கே வர வேண்டாம்.

அக்கா

*

ஜூன் 17

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அப்புறம் எனக்கும் கோபம் வந்தது. எழுதிவிடுகிறேன், மனசில் வைத்துப் புழுங்க என்னால் முடியாது.

"அத்தான் சரின்னுட்டாரு, வந்து எடு" என்று சொன்னது யார்? நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு கதவை உடைத்தா வந்தேன்? அவருக்குச் சவரம் பண்ணி, நீலச் சட்டை போட்டு உட்கார வைத்தவள் நீ. ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பினால் வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று சொன்னவளும் நீதான். இப்போது எல்லாப் பழியும் என் தலையிலா?

இங்கே நிலைமையே வேறு. உண்டியல் படத்துக்கு அப்படி ஒரு பெயர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இதே மாதிரி ஒரு மன்றம் இருக்கிறதல்லவா, அவர்கள் அதை வாங்கிப் போட்டுக்காட்டக் கேட்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் அடுத்த மாதச் சனிக்கிழமையும் அதையே போடலாம் என்கிறார். "வைத்தியம் இன்னும் முடியலையே, ஜனங்க மனசு இளகியிருக்கும்போதே இன்னொரு தடவை டப்பாவை அனுப்பிடலாம்" என்பது அவர் கணக்கு. எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். டீக்கடையில் முன்பின் தெரியாத ஆள் கையைப் பிடித்து, "அழ வெச்சுட்டியேப்பா" என்றார். நான் கையை உருவிக்கொண்டு வந்தேன். டீயைக்கூடக் குடிக்கவில்லை.

மருந்துக்கடைக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

இன்னொரு விஷயம் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இந்தத் தாளை நாலு தடவை கிழித்துப் போட்டுவிட்டேன். வரவில்லை. விடு.

அத்தானுக்கு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதைக் கொடு. அங்கே தண்ணீர் எப்படி?

தம்பி

*

ஜூன் 25

தம்பிக்கு,

நீ கேட்டது சரி. பழியில் என் பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன். பங்கென்ன, முழுசும் என்னுடையதாகவே இருக்கலாம்.

அவர் சரி என்று சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நடந்திருக்காது. கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டில் பால் தீர்ந்தால் பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் வாங்க விடமாட்டார், வெறும் தண்ணீரைக் குடிப்போம் என்பார். அப்படிப்பட்ட மனுஷனிடம் உன் முகத்தைக் காட்டி ஊரில் உண்டியல் நீட்டப்போகிறோம் என்று எந்த வாயால் கேட்பேன்? வைத்தியத்துக்கு எனக்கு வேறு வழியும் தெரியவில்லை. "பேச்சு டாக்டருக்கு அனுப்ப வீடியோ வேணுமாம். உங்க மச்சான் வந்து எடுப்பான், பழைய அறிவிப்பையே சொல்லிக் காட்டுங்க" என்றேன். சவரம் பண்ணிவிடும்போது கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்துக்கொண்டார். எனக்கு அப்போதே நெஞ்சு உறுத்தியது. உறுத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

உன்னிடம் சரி என்றாரென்று சொன்னேன், அவரிடம் டாக்டருக்கு என்றேன். இரண்டு பக்கமும் பொய்.

அதனால்தான் பேசமாட்டேன் என்கிறார், என்னைத் தண்டிக்கிறார் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வியாழக்கிழமை பொறுக்க முடியவில்லை. அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தவள் கிண்ணத்தை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இது சோப்புத் தண்ணீர் இல்லை, நிஜ அழுகை.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் தலையை ஆட்டினார். இல்லை, அது இல்லை என்கிற மாதிரி. என் பொய் அவருக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. டாக்டருக்கு வீடியோ என்றால் வெளிச்சம் பார்த்தா நாற்காலியைத் திருப்புவார்கள்? அவர் ஒன்றும் அசடு இல்லை. தலையை ஆட்டிவிட்டு இரண்டு விரலைக் காட்டினார். "நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணதா?" என்று கேட்டேன். இல்லை. "ரெண்டு நாளா ஏதாவது வலிக்குதா?" இல்லை. நான் கேட்கக் கேட்க அவருக்கு ஆத்திரம் வந்து கிண்ணத்தைத் தட்டிவிட்டார். அப்புறம் கையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் எதையோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி காட்டினார். கேமரா. உன்னைச் சொல்கிறார். மறுபடியும் இரண்டு விரல்.

தரையெல்லாம் கஞ்சி. துடைத்துக்கொண்டே யோசித்தேன், புரியவில்லை. உனக்குப் புரிகிறதா? போன கடிதத்தில் ஏதோ வரவில்லை என்று எழுதினாயே, அதுதானா இது?

எதுவாக இருந்தாலும் எழுது. பயிற்சி கொடுக்கிற பெண் நாள் போகிறது என்று என்னைப் பயமுறுத்துகிறாள்.

அக்கா

*

ஜூலை 1

அக்கா,

புரிகிறது. இரண்டு விரல் என்றால் இரண்டு டேக், ஒரே காட்சியை இரண்டு தடவை எடுத்தது.

உட்கார்ந்து படி. அன்றைக்கு நீ டீ போட உள்ளே போயிருந்தாய். அத்தான் அறிவிப்பு முழுவதையும் சொன்னார். முழுவதையும், அக்கா. "அன்பானவங்களே! போனை ஊமையாக்குங்க, புள்ளைங்களை மடியில வைங்க. விளக்கை அணைக்கப்போறோம். பக்கத்துல இருக்கிறவங்க கையைப் பிடிக்கிறதா இருந்தா, உங்க ஆளான்னு ஒரு தடவை பார்த்துட்டுப் பிடிங்க!" மெதுவாகத்தான் சொன்னார். ஒவ்வொரு வார்த்தையையும் கிணற்றிலிருந்து வாளி இழுக்கிற மாதிரி இழுத்துக்கொண்டு வந்தார். ஆனால் ஒன்றைக்கூட விடவில்லை. கடைசி ஜோக்கை முடித்துவிட்டு அவரே சிரித்தார். என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார், எப்படி என்கிற மாதிரி.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஐயோ, நன்றாகப் பேசுகிறாரே, இதைப் போட்டால் யார் டப்பாவில் போடுவார்கள் என்று நினைத்தேன்.

"அத்தான், சத்தம் சரியா பதியல. இன்னொரு தடவை சொல்லிடுங்க" என்றேன். பொய். சத்தம் கண்ணாடி மாதிரி பதிந்திருந்தது. களைத்துப்போயிருந்தவரை மறுபடி சொல்ல வைத்தேன். பாதியில் தடுமாறினார். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, இன்னும் கிட்டே போனேன். எச்சில் வழிந்தது. துடைத்துவிடக் கை நீளவில்லை எனக்கு, கையில் கேமரா. "முடியல" என்று விம்மினார். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதைத்தான் போட்டேன்.

திரையில் தன் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரித்தார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜோக் வரப்போகிறது, ஹால் சிரிக்கப்போகிறது என்று அவர் காலரைச் சரிசெய்துகொண்டு காத்திருந்திருக்கிறார். நான் அவருக்கு அழுகையைப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

இது இவரோடு முடியவில்லை. போன வாரம் மன்றத்து அலமாரிப் பூட்டு திறக்காமல் நின்றுவிட்டது. மருந்துக்கடைக்காரர் வேறு தெருவிலிருந்து ஆள் கூப்பிடச் சொன்னார். "நம்ம சாவிக்காரருக்குத்தான் கை போச்சேப்பா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நானே போய் அவரைக் கூட்டிவந்தேன். அந்தத் தழும்புக் கையாலேயே, நான் ஒரு கொட்டாவி விடுவதற்குள் திறந்துவிட்டார். "நல்லாத்தானே இருக்கு கை!" என்றேன். அவர் பையைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. சாவியைப் பிடிக்கச் சொன்னீங்க, பிடிச்சேன். விழுற வரைக்கும் பிடிக்கச் சொன்னீங்க. மூணாவது தடவை விழுந்துச்சு, அதைப் போட்டீங்க. ஊரு உதவுச்சு, இல்லேங்கல. ஆனா அதுக்கப்புறம் ஒருத்தரும் பூட்டைக் கொண்டுவரல."

இத்தனை வருஷம் நான் செய்தது இதுதான் போலிருக்கிறது. ஒவ்வொருத்தரிடமும் அவரவருக்கு முடியாததை மட்டும் தேடிப் பிடித்துக் காட்டியிருக்கிறேன்.

அத்தானிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.

தம்பி

*

ஜூலை 7

தம்பிக்கு,

உன் கடிதத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டினேன். "சத்தம் சரியா பதியல" என்று நீ சொன்ன இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் சின்ன வயதில் உன்னை அடித்ததே இல்லை. அது தப்பு என்று இன்றைக்குத் தெரிகிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த முதல் டேக் இருக்கிறதா? இருந்தால் அனுப்பு. அழித்துவிட்டாய் என்றால் இனிமேல் எனக்கு எழுதாதே.

அக்கா

*

ஜூலை 14

அக்கா,

இருக்கிறது. இந்த உறைக்குள் துணியில் சுற்றி ஒரு சின்ன பென் டிரைவ் இருக்கும், பார்த்துப் பிரி. பயிற்சி மையத்தில் டிவி இருந்தால் பின்பக்கம் செருகினாலே ஓடும். இரண்டாவது டேக்கை மருந்துக்கடைக்காரர் பார்க்கப் பார்க்க அழித்துவிட்டேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மன்றத்துக்கு இல்லை என்று சொல்லியாகிவிட்டது.

நேற்று சனிக்கிழமை. விளக்கு அணைப்பதற்கு முன்னால் நான் மைக்கைப் பிடித்தேன். உனக்குத் தெரியும், நான் புரொஜெக்டருக்குப் பின்னாலேயே காலத்தை ஓட்டியவன். நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போன மாதம் காட்டியது கடைசியில் எடுத்தது, அதற்கு முன்னால் அவர் முழுசாக, நன்றாகச் சொன்னார், அதை நான் மறைத்துவிட்டேன் என்று சொன்னேன். அதற்குமேல் அழகாகச் சொல்ல வரவில்லை.

யாரும் கைதட்டவில்லை. நாற்காலிகள் கிறீச்சிடும் சத்தம் மட்டும். முன்வரிசையில் ஒரு அம்மா, "அப்ப நாங்க அழுததெல்லாம்?" என்று பக்கத்தில் கேட்டது எனக்குக் கேட்டது. அப்புறம் வெங்காய வியாபாரி எழுந்தார். அத்தான் தலையைத் தடவினாரே, அவர்தான். "அவரு நல்லாப் பேசுறதைக் காட்டியிருந்தா நாங்க போடமாட்டோமா? எங்களை என்னன்னுடா நெனச்சே?" என்று கேட்டார். அடா புடா என்று கூப்பிட்டது எனக்குக் கொஞ்சமும் உறைக்கவில்லை. கேள்விதான் உறைத்தது. அத்தானை மட்டும் இல்லை, அந்த ஹாலில் இருந்த எல்லோரையும் நான் கேவலமாக எடை போட்டிருக்கிறேன். பிறகு அவரே சொன்னார்: "அன்னிக்கு அவரு தலையில கை வெச்சேன். இனிமே அவரு முகத்துல எப்படி முழிப்பேன்?" சொல்லிவிட்டுப் படம் பார்க்காமல் போய்விட்டார்.

"அந்த நல்ல டேக்கையாவது இப்பப் போடேன், ஜனங்க சமாதானமாவாங்க" என்று மருந்துக்கடைக்காரர் காதைக் கடித்தார். போடவில்லை. அத்தானைக் கேட்கவில்லையே.

நேற்று உண்டியல் படமே இல்லை. டப்பாவை வாசலில் வைத்துவிட்டோம். அறிவிப்பையும் நானே சொன்னேன், உளறிக்கொட்டினேன். போனை மடியில் வைக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளை ஊமையாக்கச் சொல்லிவிட்டேன். அதற்கும் யாரும் சிரிக்கவில்லை. அந்த மைக் முன்னால் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நேற்றுதான் தெரிந்தது. அத்தான் அதை நாற்காலியில் உட்கார்ந்து, பாதி நாக்கோடு சொன்னார்.

அவர் பார்க்க மாட்டேன் என்றால் வற்புறுத்தாதே. அவரை நேரில் வந்து பார்க்க எனக்குத் துடிக்கிறது.

தம்பி

*

ஜூலை 24

தம்பிக்கு,

பென் டிரைவ் பத்திரமாக வந்தது. மூன்று நாள் அதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். இந்தத் தடவை மறைத்து எதையும் செய்யக் கூடாது என்பதால் அவரிடமே நீட்டி, "முதல்ல எடுத்தது. பார்க்கிறீங்களா, தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டேன். என் பொய்யைப் பார்த்துப் பழகியவர் என்பதால் என் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கையை நீட்டினார்.

பயிற்சி அறை டிவியில் போட்டோம். அந்தப் பெண்ணும் இருந்தாள். அவளுக்கு நம் கதை எதுவும் தெரியாது. ஏதோ பழைய வீடியோ என்று ஏட்டில் எழுதிக்கொண்டே பார்த்தாள். அவர் காலரைத் தொடவில்லை. கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். திரையில் அவர் ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துக்கொண்டு வந்தார், நீ எழுதியிருந்த மாதிரியேதான். நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். "உங்க ஆளான்னு ஒரு தடவை பார்த்துட்டுப் பிடிங்க" என்று வந்ததோ இல்லையோ, அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பல் தெரிகிற சிரிப்பு இல்லை, வாய்விட்டு, குனிந்து மேஜையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "ஐயோ சார், நீங்க இவ்வளவு குசும்பா!" என்றாள்.

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவள் சிரித்து முடிக்கிறவரைக்கும் பார்த்தார். அப்புறம் வாயைத் திறந்தார்.

"இ... இழுக்குது."

எனக்குப் புரியவில்லை, உடம்புக்கு ஏதோ என்று பதறி எழுந்துவிட்டேன். அவர் டிவியைக் காட்டினார். தான் பேசியதைச் சொல்கிறார். மெதுவாக இழுக்கிறதாம். ஏலம் கூவுகிறவருக்கு அந்த வேகம் போதவில்லையாம். மறுபடி போடச் சொல்லிக் கை காட்டினார். போட்டோம். "அ... அணைக்க... அங்க தப்பு" என்றார். நீ அங்கேயும் நான் இங்கேயும் அழுது செத்துக்கொண்டிருக்கிறோம், இந்த மனுஷன் தன் அறிவிப்பில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? இரண்டும் செய்தேன்.

இப்போது தினமும் காலையில் அதையே சொல்லிப் பார்க்கிறார். அந்தப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை, எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுகிறாள். அதையும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன்.

நான் தப்பித்துவிட்டேன் என்று நினைக்காதே. அவர் என்னிடம் தனியாகப் பேசிய முதல் வார்த்தை "பொய்". அதைத் தட்டில் வைத்து நீட்டுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "ஆமா" என்றேன். அதற்குமேல் என்ன சொல்ல? இன்றைக்கும் அவர் முன்னால் நான் எதையாவது சொன்னால் நிஜம்தானா என்று புருவத்தைத் தூக்குகிறார். தூக்கட்டும். பழகிக்கொள்கிறேன்.

உன் கடைசிக் கடிதத்தையும் படித்துக் காட்டினேன். வெங்காய வியாபாரி சொன்னதைக் கேட்டுத் தன் தலையைத் தொட்டுக்கொண்டார். நீ போனை மடியில் வைத்து பிள்ளைகளை ஊமையாக்கியதற்குத்தான் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார்.

தைரியம் வந்து நேற்றுச் சாயங்காலம் கேட்டேன்: "அவன் உங்களைப் பார்க்க வரணும்னு துடிக்கிறான். வரச் சொல்லவா?" ஜன்னலைப் பார்த்தார். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். கழுவிக்கொண்டிருக்கும்போது பின்னால் சத்தம் வந்தது.

"வ... வரட்டும்."

அவர் இன்னும் முடிக்கவில்லை என்று வாயைப் பார்த்தாலே தெரிந்தது. அடுத்த வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொண்டு கழுத்து நரம்பு புடைத்தது. முன்பெல்லாம் அவர் இப்படித் திணறும்போது நானே வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடுவேன். நேற்றுக் கொடுக்கவில்லை. ஈரக் கையோடு நின்றேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அதையும் அணைக்காமல் நின்றேன்.

"கே... கேமரா... வேண்டாம்."

அதனால் வா. வெறுங்கையோடு வா.

அக்கா